சிட்டை யார் பக்கம் திறந்திருக்கு? முத்துச் சலாபத்திலிருந்து ஈஆர்பி வரை

சிஆர்எம், ஈஆர்பி. இந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டாலே ஓஎம்ஆர் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடமும், யாரும் முழுசாப் படிக்காத ஒரு பிரசன்டேஷனும்தான் ஞாபகத்துக்கு வரும். இன்னிக்கு இந்த ரெண்டையும் கீழக்கரை, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கூட்டிட்டுப் போகலாம்.

முதல்ல சுருக்கமா: சிஆர்எம்னா வாடிக்கையாளர் யாரு, என்ன வாங்கினாரு, எவ்வளவு பாக்கி, அடுத்து எப்போ பேசணும்னு ஞாபகம் வெச்சுக்கிற மென்பொருள். ஈஆர்பின்னா சரக்கு, ஆள், பணம், நேரம் எல்லாத்தையும் ஒரே கணக்குக்குள்ள கொண்டு வந்து, அடுத்து என்ன செய்யலாம்னு திட்டம் போட உதவுற மென்பொருள். இந்த ரெண்டு வேலையும் ராமநாதபுரம் கடற்கரைக்குப் புதுசு இல்ல. கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க நடந்திருக்கு. அந்தக் கணக்கை யாரு எழுதினாங்க, யாரு படிக்க முடிஞ்சுது, இதுதான் இன்னிக்கு நம்ம கதை.

கடலுக்கு அடியில் ஒரு ஸ்டாக் ரிப்போர்ட்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடந்த தொழில் இல்ல. சிப்பி முற்றியிருந்த வருஷத்தில் மட்டும்தான் நடந்தது. அதைத்தான் சலாபம்னு சொல்லுவாங்க. பிரிட்டிஷ் காலத்தில் அதுக்கு முன்னாடி அதிகாரிகள் முத்துப் பார்களைச் சோதிப்பாங்க. கொஞ்சம் சிப்பிகளை எடுத்து, திறந்து, கிடைக்கிற முத்துகளை அனுபவமுள்ள வியாபாரிகளை வெச்சு மதிப்பிடுவாங்க. ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் தேறும்னு அறிவிப்பு வரும். அதை நம்பி முதலீடு வரும், தோணி வரும், குளியாளிகள் வருவாங்க. சாம்பிள் எடுத்து ஃபோர்காஸ்ட் பண்றதுன்னு நாம இன்னிக்குச் சொல்றோமே, அதேதான்.

எடுத்த முத்தைத் தரம் பிரிக்கவும் ஒரு முறை இருந்தது. 20 துளை உள்ள பித்தளைச் சல்லடையில் ஆரம்பிச்சு 1000 துளை வரைக்கும் மொத்தம் 10 சல்லடை. எதில் தங்குதோ அதுதான் அந்த முத்தோட அளவு. அதுக்கு மேல நிறம், உருண்டை, பளபளப்பு பார்த்து ஆணி முத்துல தொடங்கி வரிசையாத் தரம் வைப்பாங்க. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோட். நம்ம கிடங்கு மென்பொருள் செய்றதும் அதுதான்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது பங்கு பிரிக்கிற முறை. இலங்கைப் பக்கம், மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் நடந்த சலாபங்களுக்குக் கீழக்கரை, தொண்டிப் பக்கத்துக் குளியாளிகளும் கடல் தாண்டிப் போவாங்க. கூலி பணமா வராது, சிப்பியா வரும். தோணி கரைக்கு வந்ததும் குளியாளிகள் தங்கள் சிப்பியை மூணு சம குவியலாப் பிரிக்கணும். அதில் ரெண்டை அரசு ஆள் தேர்ந்தெடுப்பார். மிச்சம் இருக்கிற ஒண்ணு குளியாளிக்கு. எந்தக் குவியல் தனக்கு வரும்னு பிரிக்கிறவருக்குத் தெரியாது. அதனால சரிசமமாத்தான் பிரிச்சாகணும். ஒரு வரி எழுதத் தெரியாதவருக்கும் அந்தக் கணக்கு கண் முன்னாடி இருந்தது. அரசாங்கம் மூணில் ரெண்டு பங்கு எடுத்தது நியாயமான்னு தனியா சண்டை போடலாம். ஆனா எண்ணிக்கையில் ஏமாத்த இடம் குறைவு.

1905: டேட்டா சரி, திட்டம் தப்பு

1902இல் இலங்கை அரசாங்கத்துக்காக முத்துப் பார்களை ஆராய வில்லியம் ஹெர்ட்மன்னு ஒரு விலங்கியல் பேராசிரியர் இங்கிலாந்திலிருந்து வந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னல். அந்த ஆய்வு 5 தொகுதிகளா வெளிவந்தது. அந்தக் காலத்தில் இவ்வளவு விரிவா ஆராயப்பட்ட கடல் பகுதிகள் கொஞ்சம்தான்.

1905இல் மறிச்சுக்கட்டி சலாபத்தில் 8 கோடிக்கும் மேல சிப்பி வந்தது. அரசுக்கு வருமானம் சுமார் 25 லட்சம் ரூபாய். இதைப் பார்த்ததும் 1906இல் ஒரு தனியார் கம்பெனி வருஷத்துக்கு 3,10,000 ரூபாய்னு 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. 1906, 1907 சலாபம் நடந்தது. அதுக்கப்புறம் பார்கள் காலி. அடுத்த சலாபம் நடந்தது 1925இல். குத்தகைக் காலம் முடியுறதுக்கு ரொம்ப முன்னாடியே கம்பெனி மூடப்பட்டது.

சிப்பிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் போய் எங்க ஒட்டும்னு யார் கையிலும் இல்ல. மணல் மூடும், மீன் தின்னும். உங்க சரக்கு உங்க கிடங்கில் இல்லாம கடலில் இருந்தா, போன வருஷ எண்ணை அடுத்த 20 வருஷத்துக்கு இழுத்து எழுதுறது திட்டம் ஆகாது. இன்னிக்கும் ஒரு நண்டுக் கம்பெனிக்கு ஈஆர்பி போடுறவங்க முதல்ல மனசில் வெக்க வேண்டிய கதை இது.

சங்கும் முன்பணமும்

முத்து எப்போவாவதுதான் கிடைச்சது. சங்கு அப்படி இல்ல. சேதுபதிகளோட கடல் எல்லைக்குள்ள சங்கு குளிக்கும் உரிமை குத்தகைக்குப் போகும். கீழக்கரை வியாபாரிகள் அதில் பெரிய கை. சங்கு கப்பலேறி வங்காளத்துக்குப் போகும். அங்க கல்யாணமான பெண்கள் போடுற வெள்ளை வளையல் இந்தக் கரையோட சங்குதான். அதே ஹார்னல் பின்னாடி சென்னை மாகாண மீன்துறையில் வேலை பார்த்தப்போ, 1914இல் இந்தத் தொழிலைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார்.

இதில் ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, அளவுப் பலகை. துளை போட்ட பலகை வழியா விழுந்துடுற சின்னச் சங்கு உயிரோட கடலுக்கே திரும்பணும். அடுத்த வருஷ சரக்கைக் காப்பாத்த ஒரு பலகை போதும், யார் வேணும்னாலும் சரி பார்க்கலாம். இன்னொண்ணு, முன்பணம். சீசனுக்கு முன்னாடி குளியாளி வீட்டுக்கு அரிசி வேணும், பணம் வேணும். வியாபாரி கொடுப்பார். அது வியாபாரியோட சிட்டையில் ஏறும். பலகை எல்லார் கண்ணுக்கும் தெரியும், அந்தச் சிட்டை தெரியாது. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிஞ்சுது, இன்னும் எவ்வளவு பாக்கின்னு குளியாளி தெரிஞ்சுக்கணும்னா வியாபாரி வாயாலதான் தெரியணும்.

மென்பொருள் எந்தக் கதவு வழியா வந்தது?

இப்போ வேகமாத் தாண்டுவோம். 1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஜோசப் ஓர்லிக்கி போன்றவங்க, எந்த உதிரி பாகம் எப்போ வேணும்னு கம்ப்யூட்டரில் கணக்குப் போட ஆரம்பிச்சாங்க. 1972இல் ஜெர்மனியில் எஸ்ஏபி. 1990இல் கார்ட்னர் நிறுவனம் ஈஆர்பின்னு பேர் வெச்சது. 1990களில் நம்ம ஊரிலிருந்தே ஒரு ஈஆர்பி வந்தது, ராம்கோ சிஸ்டம்ஸோட மார்ஷல். அந்தக் குழுமத்தோட சொந்த ஊரான ராஜபாளையம் 1985 வரைக்கும் ராமநாதபுரம் மாவட்டம்தான். 1986இல் பெங்களூரில் ஆரம்பிச்ச நிறுவனத்தோட டேலி, கடைத்தெருக் கணக்குப்பிள்ளை மேஜைக்கே வந்துடுச்சு. 2005இல் ஜோஹோ சிஆர்எம். அதே ஜோஹோ 2011இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டது.

இதெல்லாம் கடற்கரைக்குள்ள வந்தது எப்படி? பெரும்பாலும் விக்கிற பக்கத்துக் கதவு வழியா. 2010 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு மீன் அனுப்பணும்னா எந்தப் படகு பிடிச்சதுன்னு சான்றிதழ் வேணும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. பில், ரிட்டர்ன் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போச்சு. ஆனா பதப்படுத்தாத புது மீனுக்கு ஜிஎஸ்டி இல்ல. அதனால ஜெட்டியில் படகுக்காரர்கிட்ட வாங்குற கணக்கை மென்பொருளில் ஏத்தச் சொல்லி வரித்துறை கழுத்தைப் பிடிக்கல. அந்தப் பக்கம் சின்ன நோட்டிலயே இருந்துடுச்சு.

இங்க வாடிக்கையாளர் யாரு?

ஒரு சிஆர்எம்மைத் திறந்து பாருங்க. வாங்குறவருக்கு ஆயிரம் வசதி. பிறந்தநாள், போன் கால், ஃபாலோ அப், எல்லாம் இருக்கும். சரக்கு கொடுக்கிறவருக்கு? பேர், போன் நம்பர், பேங்க் அக்கவுண்ட், முடிஞ்சுது. தயாரிக்கிறவன் வாங்குறவனைத் தேடி ஓடுற தொழிலுக்குச் செஞ்ச அமைப்பு அது.

ராமேஸ்வரம் கரையில் உறவு தலைகீழ். நண்டோ கணவாயோ வாங்குறவர்தான் படகுக்காரரைத் தேடி முன்பணம் கொடுத்து வெக்கிறார், பிடிச்சதைத் தனக்கே தரணும்னு. வருஷக்கணக்கா ஓடுற இந்த உறவுதான் தொழிலோட முதுகெலும்பு. அதுக்கு மென்பொருளில் ஒரு பக்கம்கூட இல்ல. கால அட்டவணையும் அப்படித்தான். விசைப்படகு திங்கள், புதன், சனி போகும். மத்த நாள் நாட்டுப்படகு. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நடுவுல காத்து மாறும். இலங்கைக் கடற்படை படகைப் பிடிச்சா அந்தப் படகோட வருமானமும் வியாபாரி கொடுத்த முன்பணமும் ஒண்ணா முடங்கும். ரெடிமேட் ஈஆர்பிக்கு இதில் எதுவும் தெரியாது.

வியாபாரியை வில்லன் ஆக்குறது சுலபம். ஆனா பேங்க் கடன் கொடுக்கத் தயங்குற இடத்தில் ராத்திரி 11 மணிக்கு டீசலுக்குப் பணம் கொடுக்கிறவரும் அவர்தான். ரிஸ்க்கும் அவருக்கு இருக்கு. பிரச்சினை முன்பணத்தில் இல்ல. பாக்கி எவ்வளவுன்னு தெரியாத வரைக்கும் படகுக்காரர் வேற வியாபாரிகிட்ட விலை கேட்கக்கூட முடியாது. எல்லாம் அந்த ஒரு நோட்டில்தான் இருக்கு.

நோட்டைத் திருப்பி வெச்சவங்க

இதை மாத்தலாமா? ஏற்கெனவே மாத்தியிருக்காங்க. 1970களில் திருவனந்தபுரம் பக்கம் மரியநாடு மாதிரி மீனவ கிராமங்களில் சங்கங்கள் வளர்ந்தது. 1980இல் அவை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பா, அதாவது சிஃப்ஸா, சேர்ந்தது. பின்னாடி தமிழ்நாட்டுக் கரைக்கும் வந்தது. சங்கமே கரையில் ஏலம் விடும். ஒவ்வொருத்தரோட பிடிப்பும் அவர் பேரில் பதிவாகும். அதிலிருந்தே கொஞ்சம் கடனுக்கும் கொஞ்சம் சேமிப்புக்கும் பிடிச்சுக்குவாங்க. அந்தப் பதிவே அடுத்த கடனுக்கு ஆதாரம். சிட்டை மீனவர் பக்கம் திரும்பிடுச்சு. கம்ப்யூட்டர் அதுக்கப்புறம்தான் வந்தது.

அதனால, அப்பாவோட கருவாட்டுக் கடைக்கோ மாமாவோட நண்டுக் கம்பெனிக்கோ மென்பொருள் தேடிட்டு இருக்கிற நம்ம நேயர்களுக்கு ஒரே ஒரு யோசனை. எந்தப் பிராண்டுன்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல படகுக்கு ஒரு பக்கம் போடுங்க: தேதி, எடை, விலை, கழிச்ச தொகை, மிச்ச முன்பணம். தராசில் நிறுத்து முடிச்சதும் அந்த அஞ்சு எண்ணும் படகுக்காரர் போனுக்குத் தமிழில் ஒரு மெசேஜாப் போகட்டும். தொழில்நுட்பமாப் பார்த்தா இது ஒரு சாயங்கால வேலை. முதலாளிக்கு இது கஷ்டமான முடிவு, ஏன்னா கணக்கு தெரிஞ்ச படகுக்காரர் கேள்வி கேட்பார். ஆனா கேள்வி கேட்டுட்டும் அடுத்த சீசனுக்கு அவர் உங்ககிட்டயே வந்தாருன்னா, அந்த உறவை நீங்க நல்லாப் பார்த்துக்கிறீங்கன்னு அர்த்தம். சிஆர்எம்ங்கிற பேருக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

உங்க ஊர்த் தொழிலில் சிட்டை யார் கையில் இருக்குன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.