லூவஸ்டைன் கோட்டைப் புத்தகப் பெட்டி

நெதர்லாந்தில் மாஸ் ஆறும் வால் ஆறும் கூடும் முனையில் லூவஸ்டைன் கோட்டை இருக்கிறது. 1619க்கும் 1621க்கும் இடையே அந்தக் கோட்டைக்கும் ஆற்றின் அக்கரையில் இருந்த கோர்க்கம் ஊருக்கும் ஒரு மரப்பெட்டி படகில் போய்வந்துகொண்டிருந்தது. கோட்டைக்குள் வரும்போது அதில் இரவல் புத்தகங்கள் இருக்கும். வெளியே போகும்போது படித்து முடித்தவையும் துவைக்க வேண்டிய துணிகளும். படித்தவர் ஹுகோ க்ரோஷியஸ், ஆயுள் கைதி. அரசுக்கு விரோதமாக நடந்தார் என்று தீர்ப்பு சொன்னது. ஆனால் அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்த சண்டை சபைகளில் தொடங்கியது. மனிதன் இரட்சிக்கப்படுவதற்கு தேவனுடைய தீர்மானம் மட்டுமே காரணமா, மனிதனின் சம்மதத்துக்கும் அதில் இடம் உண்டா என்பதே அந்தச் சண்டை.

யாகோபுஸ் அர்மீனியஸ் 1603இல் லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியரானார். கால்வினுக்குப் பின் ஜெனீவாவில் போதித்த பேஸாவிடம் படித்தவர் அவர். உலகத்தோற்றத்துக்கு முன்பே தேவன் இன்னாரை மீட்பேனென்றும் இன்னாரைக் கைவிடுவேனென்றும் எந்த நிபந்தனையும் இல்லாமல் முன்குறித்துவிட்டார் என்ற போதனையை அவரால் ஏற்க முடியவில்லை. அப்படியானால் பாவத்துக்கும் தேவனே காரணர் ஆகிவிடுவாரே என்பது அவர் மனதை அறுத்த கேள்வி. அதே பல்கலைக்கழகத்தில் அவருக்கு எதிரே நின்றார் கோமாருஸ். மீட்பு மனிதனின் தெரிவில் தொங்குமானால் அது கிருபையல்ல, மனிதனின் சாதனை என்றார் அவர். இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தன் விசுவாசமே நிலையற்றது என்று அறிந்தவனுக்கு, தன்னைப் பிடித்திருக்கும் கை தன்னுடையதல்ல என்பதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. கோமாருஸின் பக்கம் இருந்தவர்கள் காத்து நின்றது அந்த ஆறுதலை.

அர்மீனியஸ் 1609இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் வழி வந்த போதகர்கள் ஹாலந்து மாகாண அவைக்கு ஐந்து பிரிவுகள் கொண்ட ஒரு முறையீட்டை எழுதினார்கள். அதனால் அவர்களுக்கு முறையீட்டுக்காரர்கள் என்றே பெயர் வந்தது. விசுவாசிப்பவர்களை மீட்பதே தேவனின் தீர்மானம்; கிறிஸ்து எல்லா மனிதருக்காகவும் மரித்தார்; கிருபையின்றி மனிதனால் நன்மையான எதையும் நினைக்கக்கூட முடியாது; ஆனால் அந்தக் கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியும் என்றன முதல் நான்கும். விசுவாசி விழுந்துபோக முடியுமா என்ற ஐந்தாவது கேள்வியை, வேதத்தை இன்னும் ஆராய வேண்டும் என்று திறந்தே வைத்தார்கள். மூன்றாவது பிரிவைப் பலர் வாசிக்காமலே பேசுகிறார்கள். மனிதன் தன் பலத்தால் மீட்படைகிறான் என்று முறையீட்டுக்காரர்கள் ஒருபோதும் சொல்லவில்லை. கிருபைதான் முதலில் வருகிறது என்பதில் இரண்டு பக்கமும் ஒன்று. வந்த கிருபையை மனிதனால் தள்ளிவிட முடியுமா என்பதில்தான் பிரிந்தார்கள்.

இதற்குள் அரசியல் நுழைந்தது. ஹாலந்தின் மூத்த அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்ட்டும், அப்போது ராட்டர்டாம் நகரத்தின் சட்ட ஆலோசகராக இருந்த க்ரோஷியஸும், இரு தரப்பாரும் ஒரே சபைக்குள் இருக்கட்டும் என்றார்கள். மதக் காரியங்களில் தீர்ப்புச் சொல்வதும் ஊர் அமைதிக்குப் படை திரட்டுவதும் மாகாணத்தின் உரிமை என்றும் வாதாடினார்கள். படைத்தலைவரான இளவரசர் மௌரிட்ஸ் கோமாருஸின் தரப்போடு சேர்ந்தார். 1618 ஆகஸ்டில் ஓல்டன்பார்னவெல்ட்டும் க்ரோஷியஸும் கைதானார்கள். சபைச் சண்டையைத் தீர்க்க அந்த நவம்பரில் டார்ட்ரெக்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்துக்கு இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மன் நாடுகளிலிருந்தெல்லாம் பிரதிநிதிகள் வந்தார்கள். முறையீட்டுக்காரர்கள் குற்றவாளிகளைப்போல முன்னால் நிறுத்தப்பட்டு, ஜனவரியில் வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்களின் போதனையை மறுத்து அந்தச் சங்கம் வகுத்த விதிகளில் அழகும் ஆழமும் உண்டு. மனிதனைத் தாங்கும் கிருபையை அவ்வளவு உறுதியாகச் சொன்ன ஆவணங்கள் குறைவு. ஆனால் சங்கம் முடிந்த அதே மே மாதத்தில், 13ஆம் தேதி, எழுபது வயது தாண்டிய ஓல்டன்பார்னவெல்ட்டின் தலை ஹேக் நகரில் வெட்டப்பட்டது. தங்கள் போதனையை விட்டு விலகாத முறையீட்டுக்காரப் போதகர்கள் வேலை இழந்தார்கள், பலர் நாடு கடத்தப்பட்டார்கள். வேதத்தை வைத்து வாதாட வேண்டிய இடத்தில் வாள் வந்து நின்றதை எந்தச் சத்தியத்தின் பேராலும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

க்ரோஷியஸுக்குத் தலை தப்பியது, கோட்டை கிடைத்தது. மனைவி மரியா வான் ரைகர்ஸ்பெர்க் உள்ளேயே வந்து உடன் வாழ்ந்தார். பெட்டி வரத் தொடங்கிய காலத்தில் காவலர்கள் ஒவ்வொரு முறையும் திறந்து கிளறினார்கள். மாதங்கள் போகப்போக அலுத்துப்போய்த் திறக்காமலே விட்டார்கள். இதைக் கவனித்தவர் மரியாதான். ஆள் காலை நீட்ட இடமில்லாத அந்தப் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்து பழகும்படி கணவரை வற்புறுத்தினார். சாவித்துவாரம் வழியாக வரும் காற்று மட்டும்தான்.

1621 மார்ச் 22 அன்று, கோட்டைத் தளபதி ஊரில் இல்லாத நேரம், க்ரோஷியஸ் பெட்டிக்குள் இறங்கினார். தலைக்குப் புதிய ஏற்பாட்டை வைத்துக்கொண்டார் என்று ஒரு பாரம்பரியம் உண்டு. தூக்கிய சிப்பாய்கள் கனம் தாங்காமல், உள்ளே அர்மீனியன் எவனாவது இருக்கிறானா என்று கேட்டார்களாம். அர்மீனியப் புத்தகங்கள்தான் என்று மரியா பதில் சொன்னாராம். பணிப்பெண் எல்ஸ்யா பெட்டியோடு படகேறினாள். அவள் துணிச்சல் இல்லாவிட்டால் ஆற்றின் நடுவிலேயே எல்லாம் முடிந்திருக்கும். கோர்க்கத்தில் நண்பர் வீட்டில் பெட்டி திறந்தது. க்ரோஷியஸ் கொத்தனார் வேடத்தில் ஊரைக் கடந்து ஆன்ட்வெர்ப்புக்கும், அங்கிருந்து பாரிஸுக்கும் போனார். மரியாவைச் சில நாள் வைத்திருந்துவிட்டு விடுதலை செய்தார்கள்.

அந்தப் பெட்டி சுமந்துவந்த புத்தகங்களைத் துணையாகக் கொண்டு சிறையில் அவர் எழுதியவை வெகுதூரம் போயின. கிழக்கு நாடுகளுக்குப் போகும் டச்சு மாலுமிகளுக்காகக் கிறிஸ்தவ விசுவாசத்தின் நியாயங்களைக் கவிதையாக எழுதினார். பின்னர் அது லத்தீன் உரைநடையானது. முன்குறிப்புச் சண்டையை அதற்குள் அவர் இழுக்கவில்லை. எல்லாச் சபையாரும் ஒன்றாகச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதினார். இன்னொன்று, டச்சு மொழியில் எழுதிய ஹாலந்து சட்ட அறிமுகம். 1631இல் அச்சான அந்த நூல் ரோமன்-டச்சுச் சட்டத்தின் அடிப்படை நூல்களில் ஒன்று. டச்சுக்காரர் வழியாக இலங்கைக்கு வந்த அந்தச் சட்டம் இன்றும் அந்நாட்டின் பொதுச் சட்டம். யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில், அங்கத்திய மரபுச் சட்டமான தேசவழமை பேசாத விஷயம் எழுந்தால் வழக்கறிஞர் திரும்பிப் பார்ப்பது அதைத்தான்.

நூல் அச்சான அதே ஆண்டில் க்ரோஷியஸ் தாய்நாட்டுக்குத் திரும்பிவந்து பார்த்தார். மௌரிட்ஸ் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. முறையீட்டுக்காரர்களின் ஆராதனைகளைக் கண்டும் காணாமல் விட ஆரம்பித்திருந்தார்கள். ஆனாலும் அவருக்கு மன்னிப்பு இல்லை. 1632இல் மறுபடி வெளியேறினார். 1645இல் கப்பல் சேதத்தில் பிழைத்துக் கரையேறி, ரோஸ்டாக் நகரில் இறந்தார். பிறந்த ஊரான டெல்ஃப்டுக்கு உடல்தான் வந்தது.

பெட்டி எங்கே? ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ஒன்றை வைத்திருக்கிறது. டெல்ஃப்டின் பிரின்சன்ஹாஃப் அருங்காட்சியகத்திடம் இன்னொன்று. லூவஸ்டைன் கோட்டையிலும் ஒன்று உண்டு. எது அசல் என்பதில் வழக்குத் தீரவில்லை. முறையீட்டுக்காரர்களின் சபை நெதர்லாந்தில் இன்றும் சிறிதாக நடக்கிறது. டார்ட்ரெக்ட் விதிகளை அறிக்கையாக ஏற்கும் சபைகளும் அதே நாட்டில் நடக்கின்றன. தேவனின் தெரிவைப் பேசும் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தை இரு சாராரும் வேறுவேறாகத்தான் பிரசங்கிக்கிறார்கள், யாரும் யாரையும் கோட்டையில் அடைக்காமல்.