எண்ணிக்கை சரி, புத்தகங்கள் வேறு

நூலகங்களுக்கென்று ஒரு காவல் புனிதர் இருக்கிறார். படங்களில் ஒரு கையில் புத்தகமும் மறு கையில் கோடரியுமாக நிற்பார். பெயர் விபோராடா. இன்றைய சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்துக்கு அருகே, 916-ல் ஒரு சிற்றறைக்குள் புகுந்து, வாசலை அடைத்துவிடச் சொன்ன துறவி. வெளியுலகுக்கென்று மிஞ்சியது ஒரு சன்னல்தான். அதற்கு முன்பே மடத்துப் புத்தகங்களுக்குத் துணியுறை செய்து கொடுத்தவர் அவர். ஆபத்து நெருங்கியபோது முதலில் புத்தகங்களை நினைத்ததில் எனக்கு வியப்பில்லை.

மகியார் (ஹங்கேரியர்) குதிரைப்படை வரப்போவதைக் காட்சியில் கண்டதாகச் சொல்லி, மடாதிபதி எங்கில்பெர்ட்டை எச்சரித்தார். முதலில் புத்தகங்கள், மற்றவை பிறகு. அன்றைய புத்தகம் விலங்குத் தோலில் எழுதப்பட்டது. ஒரு பெரிய பைபிளுக்கு ஒரு மந்தையின் தோலே வேண்டும். எனவே புத்தகங்கள் கான்ஸ்டன்ஸ் ஏரியிலிருந்த ரைஷனாவ் தீவு மடத்துக்குப் போயின. துறவிகள் காட்டுக் கோட்டையில் ஒதுங்கினார்கள். செருப்புத் தைக்கத் தோல் தரவில்லை என்று கோபித்துக்கொண்ட ஹெரிபால்ட் என்ற வெகுளித் துறவி மட்டும் மடத்திலேயே இருந்துவிட்டார். வந்தவர்களோடு விருந்தும் உண்டாராம்!

விபோராடாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அறையைவிட்டு வெளியேறுவதில்லை என்ற சபதத்தை அவர் மீறவில்லை. 926 மே 1 அன்று அறைக்குள் புகுந்த மகியார்கள் கண்டது பொன்னை அல்ல, ஓர் ஏழைத் துறவியை. தலையில் வெட்டினார்கள். மறுநாள் உயிர் பிரிந்தது. 1047-ல் போப் இரண்டாம் கிளமென்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். ரோம் முறைப்படி அப்படி அறிவிக்கப்பட்ட முதல் பெண் அவரே என்பார்கள்.

புத்தகங்கள் திரும்பின. ஆனால் நூறாண்டு கழித்து மடத்தின் வரலாற்றை எழுதிய நான்காம் எக்கெஹார்ட் ஒன்றைக் குறிப்பிடுகிறார்: எண்ணிக்கை சரியாக இருந்ததாம், வந்தவை போனவையே அல்லவாம். தீவுத் துறவிகளும் புத்தகப் பித்தர்கள்தானே!

1416. கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபை மாமன்றம் நடக்கிறது. எசமானரான போப் பதவியிழந்ததால் வேலையில்லாமல் இருந்த செயலர் பொஜ்ஜோ பிராச்சியோலினி, பழைய ஏடுகளைத் தேடி சாங்க்ட் காலனுக்கு வந்தார். கோபுரத்தின் அடியில், தூசும் பூஞ்சையும் மூடிக் கிடந்தது ரோமானிய ஆசிரியர் குவிந்திலியனின் பேச்சுக்கலை நூல், முழுமையாக. இத்தாலியில் அதுவரை சிதைந்த பிரதிகளையே படித்துவந்தார்கள். பொஜ்ஜோ தம் கையாலேயே படியெடுத்தார். அந்தப் படியிலிருந்து படிகள் பெருகின.

1712 போரில் சூரிச், பெர்ன் படைகள் நூலகத்தை அள்ளிச் சென்றன. பெரும்பகுதி திரும்பியது, சூரிச் ஒரு பங்கை வைத்துக்கொண்டது. அதில் 16-ஆம் நூற்றாண்டின் ஒரு பெரிய உலக உருண்டையும் அடக்கம். அந்தப் பங்கைப் பற்றிய பிணக்கு 2006 வரை நீண்டது. உடன்பாட்டின்படி சில சுவடிகள் நீண்டகாலக் கடனாகத் தாய்வீடு வந்தன. உருண்டை சூரிச்சிலேயே தங்கியது. சாங்க்ட் காலனுக்குக் கிடைத்தது அச்சு அசலாகச் செய்த நகல்.