மண்ணுக்கு அடியில் ஓர் ஊர்

"உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று தஞ்சாவூர்க்காரரைக் கேட்டால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும். திருநெல்வேலிக்காரராயிருந்தால் நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவரைக் கேட்டுப் பாருங்கள், சற்றுத் தயங்குவார். "அப்பாவுக்குப் பூர்வீகம் விருத்தாசலம் பக்கம், அம்மாவுக்குக் காரைக்குடி, நான் வளர்ந்தது நெய்வேலியில்" என்று மூன்று ஊர்களைச் சொல்லி, மூன்றிலும் தமக்கு வீடு இல்லை என்பதை நாசூக்காகத் தெரிவிப்பார்.

ஆனால் இரண்டு நெய்வேலிக்காரர்கள் ரயிலில் சந்தித்துக்கொண்டால் இந்தத் தயக்கம் பறந்துவிடும். "எந்த வட்டம்?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த ஊரில் தெருவுக்குப் பெயர் இரண்டாம் பட்சம். வட்டத்தின் எண்தான் முகவரி. இருவரும் 1990-களில் சிறுவர்களாக இருந்தவர்கள் என்றால், கொஞ்ச நேரத்தில் இன்னொரு கேள்வியும் வந்து சேரும். "மாரியோ விளையாடியிருக்கிறீர்களா? எட்டாவது கோட்டை வரை போனதுண்டா?" அவ்வளவுதான். தலை நரைக்கத் தொடங்கிய இரண்டு பேர், பக்கத்திலிருப்பவர்கள் திகைக்கும்படி, குழாய்களைப் பற்றியும் காளான்களைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டு போவார்கள். என்னையும் அந்த இருவரில் ஒருவனாக வைத்துக்கொள்ளலாம்.

டி.வி. பெட்டியில் இணைத்து விளையாடிய ஒரு விளையாட்டின்மீது ஆயுள் முழுவதும் இப்படியொரு பாசம் எப்படி நிலைக்கிறது? இதைப் புரிந்துகொள்ள இரண்டு சரித்திரங்களைப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஒன்று ஓர் ஊரின் சரித்திரம்; மற்றொன்று ஒரு பொம்மையின் சரித்திரம்.

ஊரின் கதை ஒரு கிணற்றில் ஆரம்பமாகிறது. 1930-களின் நடுவில், நெய்வேலிக் கிராமத்தில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தம்முடைய நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. முந்திரியும் பலாவும் விளைகிற செம்மண் பூமியில் இந்தக் கறுப்புக்கு என்ன வேலை என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது. அதைத் தூக்கி எறிந்துவிடாமல் ஆராயச் சொன்னார் பாருங்கள், அதுதான் தமிழ்நாட்டுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அந்தக் கறுப்புப் பொருள்தான் பழுப்பு நிலக்கரி.

பிறகு பூகர்ப்ப இலாகாவின் ஆராய்ச்சிகள் நடந்தன. 1956-ஆம் வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். காமராஜ் அப்போது முதலமைச்சர். ஆனால் பூமாதேவி அவ்வளவு சுலபமாகத் தன் கைப்பெட்டியைத் திறந்துவிடவில்லை. மேலே கெட்டியான மணற்பாறை. கீழே எப்போது பீறிடலாம் என்று அழுத்தத்தோடு காத்திருக்கும் ஊற்று நீர். ஒரு டன் நிலக்கரி எடுப்பதற்குப் பல டன் தண்ணீரை இறைத்து வெளியேற்றியாக வேண்டும். ஜெர்மன் தேசத்து ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வந்து மண்ணைச் சுரண்டின. இரவும் பகலும் குழாய்கள் தண்ணீரை உறிஞ்சின. 1961-இல்தான் நிலக்கரி வெளிச்சத்தைக் கண்டது. மறு வருஷமே, ஸோவியத் ரஷ்யாவின் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது.

மின்சாரத்தோடு ஒரு நகரமும் பிறந்தது. அளந்து கீறிய அகலமான சாலைகள். இரண்டு பக்கமும் மரங்கள். ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற வீடுகள். ராஜ்யத்தின் நாலு மூலையிலிருந்தும், ஆந்திரம், கேரளம் போன்ற பக்கத்து ராஜ்யங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்கின. எல்லாருமே புதிதாக வந்தவர்கள். ஆகவே அந்த ஊரில் பாட்டி வீடு கிடையாது, பங்காளிச் சண்டை கிடையாது, குலதெய்வம் கிடையாது. பங்குனி உத்திரத்துக்கு வேலுடையான்பட்டு முருகனிடம் போய்க் காவடி பார்த்துப் பழமையைத் தொட்டுக்கொள்ளலாம். மற்றபடி எல்லாம் புத்தம் புதிது. அடுத்த வீட்டுக்காரர் தெலுங்கோ மலையாளமோ பேசினாலும் குழந்தைகளுக்கு அவர் "மாமா"தான்.

இனிப் பொம்மையின் கதைக்கு வருவோம். இதற்கு ஜப்பான் தேசத்துக்குப் போகவேண்டும்.

1889-ஆம் வருஷம் கியோட்டோ நகரில் புஸாஜிரோ யமாவுச்சி என்பவர் ஒரு சிறு கடை திறந்தார். கையால் செய்த சீட்டுக்கட்டு விற்கும் கடை. ஒரு கட்டுக்கு 48 சீட்டுகள். மாதத்துக்கு நாலு வீதம் பன்னிரண்டு மாதங்களின் மலர்களும் மரங்களும் அவற்றில் அச்சாகியிருக்கும். ஜப்பானியருக்குச் சீட்டாட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் அங்கே போன போர்த்துகீசியர்கள். நமக்கு ஜன்னலையும் சாவியையும் அலமாரியையும் வார்த்தையாகக் கொடுத்துவிட்டுப் போன அதே போர்த்துகீசியர்கள்தான்! நாம் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டோம். ஜப்பானியர் சீட்டை எடுத்துக் கலைத்துப் போட்டார்கள். அந்தச் சீட்டுக் கடைதான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நின்டெண்டோ ஸ்தாபனம்.

1977-இல் அந்த ஸ்தாபனத்தில் ஷிகெரு மியாமோட்டோ என்ற வாலிபர் வேலைக்குச் சேர்ந்தார். சித்திரம் வரையத் தெரிந்தவர். யந்திர சாஸ்திரம் படித்தவர் அல்ல. கியோட்டோவுக்கு அருகே ஸொனோபே என்ற சிற்றூரில் மலைச் சரிவுகளிலும் குகைகளிலும் திரிந்து வளர்ந்தவர். கையில் விளக்கோடு ஒரு குகைக்குள் நுழைந்த பால்ய அனுபவத்தை அவர் பின்னாளில் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

அமெரிக்காவுக்கு அனுப்பிய விளையாட்டு இயந்திரங்களில் ஏராளமானவை விலைபோகாமல் கிடந்தன. அவற்றுக்குள் வேறு விளையாட்டைப் புகுத்தும்படி மியாமோட்டோவிடம் சொன்னார்கள். 1981-இல் 'டாங்கி காங்' பிறந்தது. அதில் ஒரு குட்டை மனிதன், குரங்கு தூக்கிப்போன பெண்ணை மீட்கத் தாவித் தாவிப் போகிறான். அவனுடைய உருவத்தைத் தீர்மானித்தது கலை மட்டுமல்ல, சிக்கனமும்கூட. மிகச் சில புள்ளிகளுக்குள் ஒரு மனிதனை அடக்கவேண்டும். வாய் வரைய இடம் இல்லை, மீசை வைத்தார்கள். தலைமயிர் பறப்பதைக் காட்ட முடியவில்லை, தொப்பி வைத்தார்கள். கை அசைவது தெரியவேண்டும். உடுப்பை இரண்டு நிறமாக்கினார்கள். ஏழைக்கு வாய்த்த சட்டை அவனுக்கு அழகாக அமைந்துவிட்டதுபோல, உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு முகம் உருவாகிவிட்டது.

அவனுக்குப் பெயர் வந்த விதம் இன்னும் ரசமானது. ஸியாட்டில் நகருக்கருகே நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளைக்குக் கிடங்கை வாடகைக்கு விட்டிருந்தவர் மாரியோ ஸெகாலே. வாடகை பாக்கிக்காக அவர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார் என்றும், அவர் பெயரையே பொம்மைக்குச் சூட்டிவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். வீட்டுக்காரரைப் பழிவாங்க இதைவிட நல்ல வழி உண்டோ? உலகெங்கும் குழந்தைகள் ஒரு வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக் கொஞ்சும்படி ஆகிவிட்டது!

முதலில் மாரியோ தச்சனாக இருந்தான். 1983-இல் வந்த அடுத்த விளையாட்டில் கதை பூமிக்கு அடியில், குழாய்களின் நடுவே நடந்தது. ஆகவே குழாய் ரிப்பேர்காரனாகத் தொழில் மாறினான். அதே வருஷம் ஜூலையில் நின்டெண்டோ 'குடும்பக் கம்ப்யூட்டர்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1985 செப்டம்பர் 13-ஆம் தேதி அந்தப் பெட்டிக்காக வெளிவந்ததுதான் 'ஸூப்பர் மாரியோ பிரதர்ஸ்'.

எட்டு உலகங்கள், உலகத்துக்கு நாலு கட்டம், ஆக 32 கட்டங்கள். இவ்வளவும் நாற்பது கிலோபைட்டுக்குள். இன்று நாம் கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூட அந்த இடம் போதாது. வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே வடிவத்தில் வரைந்து நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். நெய்வேலி வீடுகளும் அப்படித்தானே? ஒரே வரைபடம், சுண்ணாம்பின் நிறமும் வாசலில் வைத்த செடியும்தான் வேறு.

அந்த முதல் கட்டத்தை ஓர் உத்தம ஆசிரியர் என்றே சொல்லவேண்டும். எழுத்தறியாத குழந்தைக்கும் அது பாடம் நடத்தும். மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான், எதிரே வெட்டவெளி, ஆகவே வலப்பக்கம் போகவேண்டும். ஒரு சிறு பூதம் மெள்ள வருகிறது. தாண்டு, இல்லாவிட்டால் சாவாய். தலைக்கு மேல் கேள்விக்குறி போட்ட பெட்டி. முட்டினால் காளான் கிளம்புகிறது. அது வலப்பக்கம் ஓடி ஒரு குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வருகிறது. பயந்து நிற்பவனையும் தொட்டு வளர்த்துவிடுகிறது. எல்லாம் தெரிந்துகொண்டோம் என்று இருக்கும்போது, ஒரு குழாயின் மேல் நின்று கீழ்ப் பட்டனை அழுத்துகிறவன் பூமிக்கு அடியில் இறங்கிவிடுகிறான். அங்கே அறை நிறையப் பொற்காசு! பூமிக்கு அடியில் செல்வம் இருக்கிறது என்பது மற்ற ஊர்க் குழந்தைகளுக்கு வெறும் கற்பனை. நெய்வேலிக் குழந்தைக்கோ, அப்பா தினமும் ஷிப்டுக்குப் போய்வரும் இடம்.

இந்த விளையாட்டு நம்மிடம் ராஜபாட்டையில் வரவில்லை. தைவானிலும் சீனாவிலும் செய்த நகல் பெட்டிகளாக, பர்மா பஜார் போன்ற கடைத்தெருக்கள் வழியாக, 1991-க்குப் பிறகு பெருவாரியாக வந்தது. செருகும் பெட்டிக்கு நாம் 'கேசட்' என்று பெயர் வைத்தோம். மேலே 9999 விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே எண்ணிப் பார்த்தால் பத்தோ பதினைந்தோதான் தேறும். வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதிச் செருகுவதே வைத்தியம். விசித்திரம் என்னவென்றால், 1992 முதல் ரஷ்யக் குழந்தைகள் 'டெண்டி' என்ற பெயரில் விளையாடியதும் இதே நகல்தான். நெய்வேலிக்கு மின்நிலையம் கட்ட உதவிய தேசத்துக் குழந்தையும், அந்த மின்சாரத்தில் டி.வி. போட்ட நெய்வேலிக் குழந்தையும் ஒரே காலத்தில் ஒரே குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்!

"படிப்பைக் கெடுக்க வந்த சனியன்" என்று பெரியவர்கள் திட்டினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் வைகுண்ட ஏகாதசி இரவில் அவர்களுடைய பாட்டிமார் கண் விழித்து ஆடிய பரமபத சோபானம் மட்டும் என்ன? ஏணியில் ஏறுவதும், பாம்பின் வாயில் விழுவதும், மறுபடி முதல் கட்டத்திலிருந்து தொடங்குவதும்தானே அதுவும்? மாரியோவில் ஏழு கோட்டைகளைக் கடந்த பிறகும் இளவரசி அங்கே இல்லை என்றுதான் சொல்வார்கள். எட்டாவது கோட்டையை எட்டும்போது மின்சாரம் நின்றுபோனால் எல்லாம் போயிற்று, மறுபடி முதலிலிருந்துதான். விரக்தியையும் விடாமுயற்சியையும் ஒரே பாயில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க இதைவிடச் சாதனம் வேண்டியதில்லை. அந்தப் பாயில் அதிகாரியின் பிள்ளையும் இயந்திரம் ஓட்டுகிறவரின் பிள்ளையும் முறை வைத்துத்தான் விளையாடினார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். அந்தப் பாசம் ஏன் தேயவில்லை?

நெய்வேலி வீடு யாருக்கும் சொந்தமில்லை. அப்பா ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். சுவரில் பென்சிலால் கீறிய உயரக் கோடுகள், அம்மா நட்ட முருங்கை, கொல்லைப்புறத்துப் பலா எல்லாம் அடுத்து வருகிற குடும்பத்துக்கு. பத்து வருஷம் கழித்துப் போனால், வாசலில் நின்று "நாங்கள் இங்கே இருந்தோம்" என்று சொல்லலாம். உள்ளே போக உரிமை இல்லை. முதல் அனல்மின் நிலையமும் 2020-இல் ஓய்ந்துவிட்டது. ஆனால் மாரியோவின் முதல் கட்டத்தை இன்று போட்டுப் பாருங்கள். அதே செங்கல், அதே புதர், அதே குழாய், அதே இடத்தில். யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டும் நடக்கலாம். திரும்பிப் போக ஒரு வீடு இல்லாத குழந்தைகளுக்கு அது பூர்வீக வீடாகிவிட்டது. அதனால்தான் அவர்கள் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாரியோவையும், சொந்த ஊர்க்காரரை வரவேற்பதுபோல் வரவேற்கிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் அறிமுகம் செய்துவைக்கிறார்கள்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கதை இனிமையாகவே முடிந்துவிடும். ஆனால் நியாயமாக முடியாது. நாங்கள் குடியிருந்த வட்டங்களுக்கும், அப்பாமார்கள் இறங்கிய சுரங்கத்துக்கும் அடியில் வேறு ஊர்கள் இருந்தன. அவற்றில் கிணறு இருந்தது, களத்துமேடு இருந்தது, எல்லைச்சாமி இருந்தது. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்குத் திரும்பிப் போய் வாசலில் நிற்பதற்குக்கூட வாசல் கிடையாது. அங்கே இருப்பது பள்ளம். அந்தக் கதை பழங்கதையும் அல்ல. 2023 ஜூலையில் வளையமாதேவியில், நின்ற நெற்பயிரின்மேல் இயந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டியதைத் தமிழ்நாடே பார்த்தது. அந்தப் பயிரை நட்டவர்களுக்கு ஊதிச் செருகிப் பார்க்க ஒரு கேசட் யாரும் செய்து வைக்கவில்லை.

நாற்பது கிலோபைட்டில் அடங்கிய ஓர் ஊருக்காக மனிதன் ஆயுள் முழுவதும் ஏங்க முடியும் என்றால், நாலு தலைமுறை உழுத நிலத்துக்காக ஏங்குகிறவனின் மனசு எப்படியிருக்கும்? பொம்மையின்மேல் வைத்த பாசம் இந்தக் கேள்வி வரைக்கும் நம்மைக் கொண்டுவந்து விடுமானால், அது வீண் பாசம் அல்ல. சின்ன வயசில் அந்தப் பாயில் கழிந்த நேரமும் வீண் நேரம் அல்ல.