செங்கற்கட்டு வீடுகளின் நிலநடுக்கச் சோதனை

செங்கற்கட்டு வீடுகளின் நிலநடுக்கச் சோதனை என்பது, செங்கற்களைச் சாந்தினால் பிணைத்துக் கட்டிய சுவர்களைக் கொண்ட வீடுகள் நில அதிர்வின்போது எவ்வாறு அசைந்து சிதைகின்றன என்பதை ஆய்வுகூடத்திலும் கணினியிலும் ஆராய்வதாகும். செங்கற்சுவர் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவையைத் தாங்கும் வலுவோ அதற்கு மிகக் குறைவு.

சுவர் சிதையும் விதம்

அதிர்வு சுவரின் நீளவாக்கில் வந்தால், சாளரங்களுக்கு இடைப்பட்ட சுவர்த்துண்டுகளில் பெருக்கற்குறி வடிவில் வெடிப்புகள் விழும். அல்லது அத்துண்டுகள் அடியில் பெயர்ந்து இருபுறமும் ஆடும். சுவருக்குக் குறுக்காக வந்தால் சுவர் பலகைபோல் வெளிப்புறம் சரியும். பின்னதே ஆபத்து மிக்கது. சிறிய அதிர்விலும் அது நிகழக்கூடும்; சுவர் தாங்கிய தளமும் உடன் விழும். சுவர்களும் தளமும் பிணைக்கப்பட்டு ஒரு பெட்டிபோல் இயங்கும் வீட்டில் இவ்வாறு சரிவது அரிது.

சோதனை முறைகள்

அதிர்வு மேடை என்பது பதிவான நிலநடுக்கத்தின் அசைவை அப்படியே திருப்பி நிகழ்த்தும் பெரிய தளமாகும். இந்தியாவில் ரூர்க்கியில் இதற்கு எளிய மாற்று ஒன்று அமைக்கப்பட்டது: தண்டவாளத்தில் நிற்கும் மேடைமீது வீட்டைக் கட்டி, சுமையேற்றிய வண்டிகளைக் கொண்டு மேடையை மோதச் செய்தனர். கதவு, சாளரங்களின் மேல்மட்டத்தில் வீட்டைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை எவ்வளவு பயன் தரும் என்பது இத்தகைய சோதனைகளில் தெளிவாகியது. இத்தாலியின் பாவீயா பல்கலைக்கழகத்தில் 1990களின் நடுவில் முழு அளவிலான இருமாடி வீடு ஒன்றைத் தள மட்டங்களில் மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிச் சோதித்தனர். வெடிப்பு வளரும் வரிசையை நின்று பார்க்க இம்முறையே வசதியானது.

அளவைச் சுருக்கிக் கட்டுவது செலவைக் குறைக்கும். ஆயினும் புவியீர்ப்பைச் சுருக்க இயலாது. ஆகவே சிறு மாதிரிகளின்மீது கூடுதல் எடை ஏற்றுவர்.

குரோனிங்கன் வீடுகள்

நெதர்லாந்தின் குரோனிங்கன் மாகாணத்தில் இயற்கை எரிவளி எடுத்ததால் நிலநடுக்கங்கள் உண்டாயின. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹைசிங்கே அருகே 3.6 அளவில் நிகழ்ந்ததே அவற்றுள் பெரியது. அங்குள்ள வீடுகள் நிலநடுக்கத்தை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. பல வரிசை வீடுகளில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர்கள் உலோகக் கம்பிகளால் மட்டும் இணைக்கப்பட்டுள்ளன. முகப்பில் பெரும்பகுதி சாளரமே.

2015இல் பாவீயாவிலுள்ள யூசென்டர் ஆய்வு மையம் இவ்வகை வீடு ஒன்றை முழு அளவில் கட்டி அதிர்வு மேடையில் சோதித்தது. உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.17 மடங்கு ஆகும்வரை பெரிய சேதம் இல்லை, ஏறக்குறைய 0.3 மடங்கில் வீடு இடியும் நிலையை எட்டியது. பின்னர் லிஸ்பனில், மேல்மாடியும் கூரையும் கொண்ட பகுதி முற்றாக இடியும்வரை அதிர்விக்கப்பட்டது.

கணித மாதிரிகள்

ஒரு மாகாணத்தின் எல்லா வீடுகளையும் மேடையில் ஏற்ற முடியாது. எனவே சோதனையில் சரிபார்த்த மாதிரிகளையே நம்ப வேண்டியுள்ளது. சுவரைத் தூண்களும் உத்தரங்களும் கொண்ட சட்டகமாகக் கருதும் முறை விரைவானது. ஆனால் அது பெரும்பாலும் முதல்வகைச் சிதைவை மட்டுமே காட்டும். ஒவ்வொரு கல்லையும் தனிப்பொருளாகக் கொள்ளும் முறை இடிபாட்டையும் காட்டும். கணிக்க நெடுநேரம் பிடிக்கும். மாதிரி தேவைக்கு மேல் அஞ்சினால் உறுதியான வீடும் வீணே இடிக்கப்படலாம். அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாவிட்டால் குடியிருப்போர் உயிரிழக்கலாம்.

குரோனிங்கனில் எரிவளி எடுப்பது 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டு, 2024இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. நிலத்தடி அழுத்தம் இன்னும் சமநிலை அடையாததால் அதிர்வுகள் உடனே ஓய்வதில்லை.