வழக்கமும் நீதியும்

ஏற்றத்தாழ்வு வேரூன்றிய நாட்டில், தாழ்த்தப்பட்டோருடைய கல்வியும் செல்வமும் மட்டுமன்றி, நீதி யாதென்னும் அவர்தம் எண்ணமும் குறுகிவிடும். இவ்வுண்மைக்கு நம் நாடார் குலத்தின் சரித்திரமே சான்று பகரும்.

1897ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி, இராமநாதபுரம் சீமையிலுள்ள கமுதியில் நம்மவர் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்துட் புகுந்து வழிபட்டனர். ஆலயத்தின் பரம்பரைத் தர்மகர்த்தாவாகிய பாஸ்கர சேதுபதி மன்னர் வழக்குத் தொடுத்தார். மதுரை நியாயஸ்தலத்திலும், சென்னை உயர்நீதிமன்றத்திலும், இறுதியாக 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் நம்மவர் தோற்றனர். இவ்வகுப்பார் உட்சென்று வழிபடுதல் ஆலய வழக்கமன்று என்பதே தீர்ப்பின் சாரம். நெடுங்காலம் தடுத்தமையே இனியும் தடுத்தற்கு ஆதாரமாயிற்று! அநீதி முதிர்ந்து வழக்கமாயின், சட்டம் அதனையே உரிமையெனக் கொள்ளும் என்பது அன்று புலனாயிற்று.

ஆயினும் நம் பக்கத்தும் ஒரு குறை இருந்தது. மக்கள் யாவர்க்கும் வழிபாட்டுரிமை உண்டென்று நம் முன்னோர் வாதித்திலர். தாம் க்ஷத்திரியர் ஆதலின் தமக்கு உண்டென்றே வாதித்தனர். ஏணியை அகற்றுமாறு கேளாது, அதில் மேற்படி ஒன்றையே வேண்டினர். அவரைப் பழித்தல் தகாது. படிகளையன்றிப் பிறிதொன்றும் காட்டாத சமூகம் அவர்க்கு அவ்வளவே கற்பித்தது.

ஆனால் அவர் செய்த பிறிதொரு பணி அவ்வெண்ணத்தினும் பெரிதாய் வளர்ந்தது. உறவின்முறையார் கடைதோறும் மகமையும் வீடுதோறும் பிடியரிசியும் திரட்டிப் பள்ளிகளை வளர்த்தனர். விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையிற் பயின்ற காமராசர், முதலமைச்சராயிருந்த காலத்து, 1956இல் எக்குலத்து ஏழைப் பிள்ளைக்கும் பள்ளியில் மதிய உணவளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு குலத்தின் பிடியரிசி நாட்டுக்கே சோறாயிற்று.

ஆலய வாயிலும் அவ்வாறே திறந்தது. 1939ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8ஆம் தேதி, வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோர் ஐவரையும் நம்மவர் ஒருவரையும் உடன்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துட் சென்றார். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. தனித்து நின்று தட்டியபோது திறவாத கதவு, யாவரும் கூடிச் சென்றபோது திறந்தது.

அன்பர்களே! நம் வீட்டு வாயிலிலும், கடையிலும், கிணற்றடியிலும் நம்மினும் எளியோரை நாம் எங்கே நிறுத்துகின்றோம்? அதற்கு ‘இஃது எங்கள் வழக்கம்’ என்று விடை கூறுவோமாயின், 1908ஆம் ஆண்டின் தீர்ப்பை நம் கையாலேயே மீண்டும் எழுதியவராவோம்.