ஓய்வுக்குப் பின் பல்கலைக்கழகம்: ஒரு சிறு வரலாறு

பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெற்ற பிறகும் அவர் பெயரோடு 'எமரிட்டஸ் பேராசிரியர்' என்ற அடைமொழி சில சமயம் ஒட்டியிருக்கும். கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் புத்தக அட்டைகளிலும் இதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பெரிய படிப்பாளிகளுக்கென்றே உண்டாக்கப்பட்ட பட்டம் போலத்தான் இது தோன்றும். ஆனால் இந்தச் சொல் பிறந்தது ராணுவ முகாமில்!

லத்தீன் மொழியில் 'எமரிட்டஸ்' என்றால் தன் பணிக்காலத்தை முடித்து, அதற்குரிய பலனைச் சம்பாதித்துக்கொண்டவர் என்று பொருள். ரோமானியப் படையில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்து முடித்த சிப்பாயை அப்படி அழைத்தார்கள். அதற்குத் தளபதியாக இருக்க வேண்டியதில்லை, சாதாரண சிப்பாயாக இருந்தாலே போதும். அந்தச் சொல் பேராசிரியர்களிடம் வந்து சேர்ந்ததும், பிறகு அதே பல்கலைக்கழகங்களில் வேலை பார்த்த குமாஸ்தாக்களும் நூலக ஊழியர்களும் தங்களுக்கும் ஓர் இடம் பெற்றதும் சுவையான வரலாறு.

ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு நகரம்

கி.மு. 25ஆம் ஆண்டு. ரோமப் பேரரசர் அகஸ்டஸ், இன்றைய ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கே ஒரு புதிய நகரத்தை உருவாக்கினார். போரிட்டு ஓய்ந்த படைவீரர்களைக் குடியமர்த்துவதற்காகவே எழுந்த நகரம் அது. பெயர் 'எமரிட்டா அகஸ்டா'. இன்று அதன் பெயர் மெரிடா. அந்த நகரத்துக்கு அகஸ்டஸின் நண்பரும் தளபதியுமான அக்ரிப்பா ஒரு நாடக அரங்கத்தைக் கட்டிக் கொடுத்தார். ஏறத்தாழ 6000 பேர் உட்காரக்கூடிய அந்த அரங்கத்தில் இன்றும் கோடைக்காலத்தில் நாடக விழா நடக்கிறது.

பிறகு கி.பி. 6ல் அகஸ்டஸ் தனியாக ஒரு ராணுவக் கருவூலத்தையும் ஏற்படுத்தினார். தன் சொந்தப் பணத்திலிருந்து 17 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை அதில் போட்டார். வாரிசுச் சொத்துக்கு 5 சதவீத வரி விதித்து, அந்த வருமானத்தையும் அதில் சேர்த்தார். ஓய்வு பெறும் சிப்பாய்க்குத் தர வேண்டிய தொகை அங்கிருந்து போயிற்று. இன்றைய பென்ஷன் நிதியின் மூதாதை என்று இதைச் சொல்லலாம்.

ஆக, ரோமானியச் சிப்பாய்க்கு மூன்று கிடைத்தன: வாழ்வதற்குப் பணம், இருப்பதற்கு ஓர் இடம், கூடிப் பழகுவதற்குப் பழைய தோழர்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னால் வந்த பல்கலைக்கழகத்தார் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத்தான் பெற முடிந்தது.

முதலில் பணம்: கார்னகியின் ஒரு கோடி டாலர்

அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1890ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களில் ஒருவரானார். பேராசிரியர்களின் சம்பளத்தைப் பார்த்து அவர் அதிர்ந்து போனார். அவ்வளவு சொற்பம்! அந்தச் சம்பளத்தில் முதுமைக்கு என்று எதைச் சேர்த்து வைப்பது? அதனால் தள்ளாத வயதிலும் பலர் வகுப்புக்கு வந்து கொண்டிருந்தார்கள். போகச் சொல்லக் கல்லூரிகளுக்கு மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

1905ல் கார்னகி ஒரு கோடி டாலரை எடுத்து வைத்தார். ஆசிரியப் பணியின் மேம்பாட்டுக்கான கார்னகி அறக்கட்டளை அப்படித்தான் உருவானது. கல்லூரி ஆசிரியர்கள் ஒரு சல்லிக்காசு கட்டாமலே பென்ஷன் பெறலாம் என்பது திட்டம். ஒரு நிபந்தனை, திருச்சபைகளின் கட்டுப்பாட்டில் இருக்கும் கல்லூரிகளுக்கு இது கிடையாது. பென்ஷனுக்காகவே சில கல்லூரிகள் தங்கள் சாசனத்தைத் திருத்தி, திருச்சபையோடு இருந்த உறவைத் தளர்த்திக்கொண்டன. ஓர் ஓய்வூதியம் கல்லூரிகளின் அடையாளத்தையே மாற்றியது ஆச்சரியம்தான்.

ஆனால் ஒரு கோடி டாலரும் போதவில்லை. ஆசிரியர் எண்ணிக்கை வளர்ந்த வேகத்தில் இலவச பென்ஷன் தாக்குப்பிடிக்காது என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. எனவே 1918ல் ஆசிரியரும் கல்லூரியும் சேர்ந்து பணம் கட்டும் காப்பீட்டு நிறுவனம் ஒன்றை அறக்கட்டளை தொடங்கியது. டி.ஐ.ஏ.ஏ. என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது.

பணப் பிரச்சினைக்கு ஒரு வழி பிறந்தது. ஆனால் நாற்பது ஆண்டுகள் காலையில் எழுந்து போன இடத்துக்கு, மறுநாள் முதல் போகக் காரணமில்லை என்றானால் என்ன செய்வது? இதற்கு பென்ஷனில் பதில் இல்லை.

65 வயதானால்தான் வேலை!

சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரி ஒரு வேடிக்கையான பதிலைக் கண்டுபிடித்தது. 1940களில் அதன் டீனாக இருந்தவர் டேவிட் ஸ்நாட்கிராஸ். அப்போது பல பல்கலைக்கழகங்கள் 65 வயதில் பேராசிரியர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். அப்படி அனுப்பப்பட்ட சட்ட மேதைகளை ஸ்நாட்கிராஸ் தேடித் தேடிப் பிடித்து வேலை கொடுத்தார். போர் முடிந்து திரும்பிய வீரர்கள் கூட்டம் கூட்டமாகப் படிக்க வந்த காலம் அது, ஆசிரியர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள்.

இந்த ஆசிரியர் குழுவுக்கு '65 கிளப்' என்றே பெயர் வந்துவிட்டது. சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு நன்கு தெரிந்த வில்லியம் ப்ராசர், பெர்க்லி சட்டக் கல்லூரியில் டீனாக இருந்தவர். உரிமையியல் தீங்குகள் பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதியவரும் அவர்தான். அவரும் 1963ல் ஹேஸ்டிங்ஸுக்கு வந்து, 1972ல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். (இந்தக் கல்லூரியின் பெயர் 2023ல் மாற்றப்பட்டுவிட்டது.)

இது வெற்றிதான். ஆனாலும் யாருக்கு? நாடறிந்த சில பேராசிரியர்களுக்கு மட்டும். மற்றவர்கள் தங்கள் வழியைத் தாங்களே தேட வேண்டியிருந்தது.

மாலுமியாக வந்த பேராசிரியர்

அப்படித் தேடியவர்களில் ஒருவர் கான்ஸ்டன்டைன் பானுன்சியோ. இத்தாலியில் பிறந்து, 1902ல் கப்பல் வேலைச் சிறுவனாக பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கியவர். படித்து முன்னேறி, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். வந்தேறியாகத் தான் பட்ட பாட்டை 1921லேயே ஒரு தன்வரலாற்று நூலாக எழுதியிருக்கிறார்.

ஓய்வு பெற்ற பேராசிரியர்களின் பென்ஷனையும் உதவித்தொகையையும் உயர்த்துவதற்காக அவர் இடைவிடாமல் பாடுபட்டார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஓய்வூதிய ஏற்பாட்டுக்கு அவரைச் சிற்பி என்று சொல்வதுண்டு. 1964ல் அவர் இறந்தார். ஓய்வுக்குப் பின்னும் ஆய்விலும் கற்பித்தலிலும் சிறந்து விளங்கும் எமரிட்டஸ் பேராசிரியர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் அவர் பெயரிலேயே விருது வழங்குகிறது. ஓய்வு பெற்றவர்கள் தனித்தனியாக இருந்தால் மறக்கப்படுவார்கள், சங்கமாகச் சேர்ந்தால் அவர்கள் குரல் கேட்கும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று.

மாணவரா, ஆசிரியரா?

1960களில் வேறொரு கேள்வி எழுந்தது. ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? தேநீர் குடித்துப் பழங்கதை பேசினால் மட்டும் போதுமா?

1962ல் நியூயார்க்கில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள் சிலர், பெரியவர்களின் கல்விக்காகவே 1919ல் தொடங்கப்பட்ட 'நியூ ஸ்கூல்' நிறுவனத்தை அணுகினார்கள். அங்கே ஓய்வு பெற்றோருக்கான கல்விக்கழகம் ஒன்று பிறந்தது. அதில் சம்பளத்துக்கு ஆசிரியர் என்று யாரும் இல்லை. உறுப்பினர்களே தலைப்பைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர்களே படித்து வந்து பாடம் நடத்துவார்கள். இந்த வருடம் நடத்தியவர் அடுத்த வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். ஹார்வர்டு பல்கலைக்கழகமும் 1977ல் இதே மாதிரியில் ஒன்றைத் தொடங்கியது.

பிரான்சில் நடந்தது வேறு விதம். 1973ல் துலூஸ் நகரில் பேராசிரியர் பியர் வெல்லாஸ் 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' ஒன்றைத் தொடங்கினார். அங்கே பல்கலைக்கழகமே பாடத்தை ஏற்பாடு செய்யும், பேராசிரியர்கள் நடத்துவார்கள், முதியவர்கள் கேட்பார்கள். தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது.

இந்த யோசனை 1981ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது தலைகீழானது. அதைக் கொண்டுவந்தவர்கள் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகிய மூவர். இவர்களில் லாஸ்லெட் வரலாற்று அறிஞர். பழைய திருச்சபைப் பதிவேடுகளைப் புரட்டி, முற்கால இங்கிலாந்தில் ஒரு வீட்டில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள், எத்தனை வயது வரை வாழ்ந்தார்கள் என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர். உழைப்பு முடிந்த பிறகும் இருபது ஆண்டுகள் உடல்நலத்தோடு வாழும் இவ்வளவு பெரிய கூட்டம் முன்பு எந்தச் சமூகத்திலும் இருந்ததில்லை என்பது அவருக்கு ஆராய்ச்சியில் தெரிந்த உண்மை. அந்தக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற பேராசிரியரும் உண்டு, பொறியாளரும் உண்டு, செவிலியரும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தெரியும். பிறகு வெளியிலிருந்து ஆசிரியர் எதற்கு?

ஆகவே கேம்பிரிட்ஜில் கற்பவரே கற்பிப்பவர், கற்பிப்பவரே கற்பவர் என்று வைத்துக்கொண்டார்கள். நாற்பது ஆண்டுகள் மேடையில் நின்ற பேராசிரியர், ஓய்வு பெற்ற தச்சரிடம் மரவேலை கற்றுக்கொள்ள இந்த முறையில் வழி உண்டு. பிரிட்டனில் இந்த முறைதான் ஊர் ஊராகப் பரவியது.

சட்டம் மாறியது, கவலையும் மாறியது

அமெரிக்காவில் 1986ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. வயதைக் காரணம் காட்டிப் பெரும்பாலான ஊழியர்களைக் கட்டாயமாக ஓய்வு பெறச் செய்யக்கூடாது என்றது. நிரந்தரப் பணியிலிருந்த பேராசிரியர்களுக்கு 1993 இறுதி வரை விலக்கு இருந்தது. 1994 பிறந்ததும் அதுவும் போயிற்று. அதற்கு முன் 70 வயதை எட்டிய பேராசிரியர்களில் பெரும்பாலோர் அந்த வயதிலேயே விலகினார்கள். சட்டம் மாறிய பிறகு 70, 71 வயதில் விலகுவோர் விகிதம் வெகுவாகக் குறைந்தது என்று பொருளாதார அறிஞர்கள் ஆர்லி ஆஷன்ஃபெல்டர், டேவிட் கார்டு இருவரும் 2002ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

இப்போது கவலை பல்கலைக்கழகத்துக்கு! மூத்தவர்கள் போகாவிட்டால் இளைஞர்களுக்கு இடம் ஏது? போகச் சொல்லவும் முடியாது. அப்படியானால் போவதற்குப் பயப்படாதபடி செய்ய வேண்டும். நூலக அட்டை, மின்னஞ்சல் முகவரி, உட்கார ஓர் அறை, வாரம் ஒரு முறை மதிய உணவோடு ஒரு சொற்பொழிவு என்று ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடைத்தவற்றின் பின்னால் அன்பு மட்டும் இருக்கவில்லை, கணக்கும் இருந்தது. எமரி பல்கலைக்கழகம் 2001ல் தன் ஓய்வு பெற்ற பேராசிரியர்களுக்கென்று 'எமரிட்டஸ் கல்லூரி' ஒன்றையே தொடங்கிவிட்டது.

மற்றவர்கள் எங்கே?

இத்தனை கதையிலும் ஒரு கூட்டத்தைக் காணவில்லை. பரிசோதனைக் கூடத்தில் கருவிகளைத் துடைத்து அடுக்கியவர், தேர்வுப் பட்டியலை டைப் அடித்தவர், நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர், தோட்டத்தைப் பராமரித்தவர். இவர்களும் முப்பது, நாற்பது ஆண்டுகள் அதே வளாகத்தில் உழைத்தவர்கள்தான். ஓய்வு பெறும் நாளில் இவர்களுக்கு எமரிட்டஸ் பட்டம் இல்லை. பேராசிரியருக்காவது எழுதி முடிக்காத புத்தகம் ஒன்று இருக்கும். இவர்களுக்கு வேலையோடு தோழமையும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் எமரிட்டஸ் பேராசிரியர்களுக்கு ஒரு சங்கமும், ஓய்வு பெற்ற ஊழியர்களுக்கு இன்னொரு சங்கமுமாகத் தனித்தனியே வளர்ந்தன. 1997ல் பெர்க்லியில் தொடங்கிய ஓய்வு பெற்றோர் மையம் இரு தரப்புக்கும் பொதுவானது. பென்ஷன் சந்தேகமா, மருத்துவக் காப்பீட்டுக் குழப்பமா, கணினிப் பயிற்சியா, சொற்பொழிவா, சுற்றுலாவா, எல்லாம் ஒரே கூரையின் கீழ். 2002ல் இத்தகைய அமைப்புகளை ஒருங்கிணைக்க 'ஏரோ' என்ற கூட்டமைப்பு அமெரிக்காவில் ஏற்பட்டது. பேராசிரியர், ஊழியர் இரு தரப்பின் ஓய்வு பெற்றோர் அமைப்புகளுக்கும் அதில் இடம் உண்டு.

பட்டத்தில் உள்ள வேறுபாடு இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் மதிய உணவு மேசையில் அது கொஞ்சம் மறைந்துவிடுகிறது. துறைத் தலைவராக இருந்தவரும் அவருக்குக் கடிதம் டைப் அடித்துக் கொடுத்தவரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து வாதம் செய்கிறார்கள். அங்கே யாரும் யாருக்கும் மேலதிகாரி கிடையாது.

மெரிடா நகரில் குடியேறிய சிப்பாய்களுக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது. எமரிட்டஸ் என்ற சொல்லுக்கு அவர்கள் அறிந்த பொருள் ஒன்றுதான்: உழைத்து முடித்தவர். அந்தப் பொருளில் பார்த்தால், பல்கலைக்கழகத்தின் கதவைத் தினமும் காலையில் திறந்து வைத்த காவலாளியும் எமரிட்டஸ்தான்.