இப்னும் பரும்: ஒரு வேர், இரு வடிவம்

அரபியில் மகனைக் குறிக்கும் சொல் 'இப்னு'. அதன் உறவுமொழியான அரமேயத்தில் மகன் 'பர்'. தமிழ் வாசகர்கள் இரண்டையும் ஏற்கெனவே அறிவார்கள். இப்னு சீனாவும் இப்னு பதூதாவும் வரலாற்றுப் பாடத்தில் வந்தவர்கள். பர்த்தொலொமேயு, பர்திமேயு, பர்யோனா ஆகியவை தமிழ் விவிலியத்தில் உள்ள பெயர்கள். அவற்றின் தொடக்கத்தில் நிற்பது இந்தப் 'பர்'தான். பர்திமேயு என்றால் திமேயுவின் மகன் என்று மாற்கு சுவிசேஷமே விளக்கமும் தருகிறது. காதில் விழும்போது 'இப்னு'வுக்கும் 'பரு'க்கும் ஒட்டும் உறவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். அரபியில் இப்னுவின் பன்மைகளுள் ஒன்று 'பனூன்'. அதுவே குலப்பெயர்களில் 'பனூ' என்றும் 'பனீ' என்றும் குறுகும்: பனூ ஹாஷிம், பனீ இஸ்ராயீல். மகள் 'பின்த்', மகள்கள் 'பனாத்'. அரமேயத்தின் இலக்கிய வடிவமான சிரியாக்கில் மகன் ஒருவனாக இருக்கும்வரை ரகரம்: 'பர்'. பலரானதும் ரகரம் மறைந்து னகரம் வந்துவிடுகிறது: 'ப்னய்யா'. மகளுக்கும் இதே கதைதான். ஒருமையில் ரகரம், பன்மையில் 'ப்னாத்தா'. இந்த 'ப்னாத்தா'வை அரபியின் 'பனாத்'துக்குப் பக்கத்தில் வைத்தால் உறவுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நடுவில் எபிரேயம் நிற்கிறது. அங்கே மகன் 'பென்', மகன்கள் 'பனீம்', மகள்கள் 'பனோத்'.

ஒருமையில் மட்டும் ஏன் இந்த மாற்றம்? மூலச்சொல்லின் ஒருமை வடிவத்தின் தொடக்கத்தில் 'ப்', 'ன்' என்ற இரு மெய்கள் உயிரின்றி ஒட்டி நின்றன என்பது மொழியியலார் தரும் விளக்கம். சொல்ல வசதியாக அரபி முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொண்டது. அதனால்தான் முன்சொல் உயிரில் முடிந்தால் அந்த இகரம் ஒலிக்காமல் போகிறது; இரண்டு பெயர்களுக்கு நடுவே வரும்போது எழுத்திலும் அதற்குரிய அலிஃப் விடப்படுகிறது. எபிரேயம் உயிரை நடுவில் வைத்தது. அரமேயத்திலோ அந்த னகரமே ரகரமாகத் திரிந்தது. இது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்தும் அல்ல. இரண்டு என்ற எண் அரபியில் 'இத்னான்', அரமேயத்தில் 'த்ரேன்'. அங்கே முன்னால் இகரம், இங்கே னகரத்தின் இடத்தில் ரகரம் என்ற அதே இணை. ஏமன், ஓமன் எல்லைப் பகுதியில் பேசப்படும் மெஹ்ரி மொழியிலும் மகனுக்கு ஒருமையில் ரகரம், பன்மையில் னகரம்.

இனி வழக்கு. வடிவத்தில் விலகிய இவ்விரு சொற்களும் பயன்பாட்டில் கைகோத்தே நடக்கின்றன. 1226இல் மெலித்தினியில் பிறந்து 1286இல் மராகாவில் மறைந்த ஓர் அறிஞரைச் சிரியாக் நூல்கள் 'பர் எப்ராயா' என்கின்றன. அரபி நூல்கள் 'இப்னுல் இப்ரி' என்கின்றன. ஆள் ஒருவரே. அவர் இரு மொழியிலும் எழுதினார். இப்னு சீனாவின் நூலொன்றைச் சிரியாக்கில் மொழிபெயர்த்தார். தம் பெயரிலேயே இந்த ஒப்பாய்வைச் சுமந்தவர் அவர்.

கல்வெட்டுகள் இன்னும் சுவையானவை. தென் சிரியாவின் நமாராவில் 1901இல் கண்டெடுக்கப்பட்ட, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள கல்வெட்டு, இம்ருல் கைஸ் என்ற அரசனின் நினைவாக கி.பி. 328இல் பொறிக்கப்பட்டது. எழுத்து நபத்தேயம், மொழி அரபி. ஆனால் அரசனை அம்ருவின் மகன் என்று சொல்லும் இடத்தில் 'ப்ர்' என்ற அரமேயச் சொல்லே வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்திய கி.மு. 9ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் சிஞ்சிர்லியில் ஆண்ட கிலமுவா பினீசிய மொழியில் ஒரு கல்வெட்டு வைத்தான். பினீசியத்தில் மகனுக்குச் சொல் 'ப்ன்'. அவனோ தந்தை பெயரைச் சொல்லும்போது 'ப்ர்' என்றே எழுதினான். தந்தை பெயர் ஆளின் அடையாளத்தோடு ஒட்டியது; கல்வெட்டின் மொழி எதுவானாலும் அந்த ஒட்டு தன் பழைய வடிவத்தை எளிதில் விடுவதில்லை.

பெற்ற பிள்ளையைக் குறிப்பதோடு இச்சொற்கள் நிற்பதும் இல்லை. அரபியில் 'இப்னுஸ் ஸபீல்' என்றால் பாதையின் மகன், அதாவது வழிப்போக்கர். ஸகாத் என்ற கட்டாயக் கொடையைப் பெறத்தக்க எட்டு வகையினருள் ஒருவராகக் குர்ஆன் அவரைச் சொல்கிறது. சிரியாக் திருச்சபையில் துறவு உறுதி பூண்டு வாழ்ந்தவர்கள் 'ப்னய் க்யாமா', உடன்படிக்கையின் மக்கள். மனிதன் என்பதற்கு அரபியில் 'இப்னு ஆதம்', சிரியாக்கில் 'பர்நாஷா'. பிறப்பைச் சொன்ன சொல் சார்பையும் இனத்தையும் சொல்லும் இலக்கணக் கருவியாக இரு மொழியிலும் விரிந்திருக்கிறது.

இந்த ஒப்பீட்டின் பயன் மலாய் மொழியை எதிரே வைக்கும்போது தெளிவாகும். மலேசியாவில் முஸ்லிம் பெயர்களின் நடுவே 'பின்', 'பிந்தி' என்று வருவதை அங்குள்ள தமிழர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். அரபியின் 'இப்னு', 'பின்த்' ஆகியவைதான் இவை; ஒலியும் பெரும்பாலும் அரபியே. ஆயினும் மலாய் அரபியின் உறவுமொழி அன்று; சமயத்தோடு வந்த சொல்லைப் பெயர்களுக்காக வாங்கிக்கொண்டது. வீட்டுப் பிள்ளையைச் சொல்ல அதற்குத் தன் சொந்தச் சொல்லான 'அனாக்' இருக்கிறது. 'பனூன்', 'பனாத்' என்ற பன்மைகள் அங்கே குடியேறவே இல்லை. ஆக, ஒலி ஒத்த மலாய் அயல்மொழி. ஒலி மாறிய அரமேயம் உறவுமொழி. இரண்டு சொற்கள் கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கின்றன என்பதற்காக இரு மொழிகளுக்கு உறவு கட்டுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் முதலில் அந்தச் சொற்களின் பன்மையையும் பெண்பாலையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கடன் வாங்கிய சொல் பெரும்பாலும் தனியாக வரும். உறவுள்ள சொல் தன் குடும்பத்தோடு, அதன் ஒழுங்கின்மைகளையும் சேர்த்துக்கொண்டு வரும்.